முரளியின் முழங்கை, ஷீத்தலின் பாதம்

முதலில் ஒரு பரிசோதனை செய்வோம், பிள்ளைகளே. ஓர் அடி நீளமான கம்பித்துண்டு ஒன்றை எடுத்து நடுவில் கொஞ்சம் மடக்கிக்கொள்ளுங்கள். அறையை இருட்டாக்கி, டோர்ச் வெளிச்சத்தைச் சுவரில் விழச் செய்யுங்கள். கம்பியின் கீழ்ப்பாதியைச் செங்குத்தாகப் பிடித்து வெளிச்சத்துக்குக் குறுக்கே காட்டுங்கள். மடங்கிய கம்பியின் நிழல் மடங்கியே தெரியும். இனி விரல்களுக்கிடையில் வைத்துக் கம்பியை மெல்லத் திருப்புங்கள். நிழலில் மடிப்புக் குறைந்துகொண்டே வந்து, ஓரிடத்தில் அது நேர்கோடாகிவிடும்.

கம்பி நிமிர்ந்ததா? தொட்டுப் பாருங்கள், மடித்தபடியே இருக்கிறது. நீளம், அகலம், உயரம் என்று மூன்று திசைகளில் கிடக்கும் பொருளைச் சுவர் இரண்டு திசைகளில் மட்டும் காட்டுகிறது. மூன்றாவது திசையில் நடந்த மாற்றம் நிழலில் வேறொன்றாகத் தெரிகிறது. தொலைக்காட்சித் திரையும் இப்படித்தான். தூரத்தில் நின்று பார்க்கும் நம் கண்ணும் கிட்டத்தட்ட இப்படித்தான்.

இந்தச் சின்ன விடயம் கண்டியில் பிறந்த ஒருவரைப் பத்து வருடங்கள் படாத பாடு படுத்தியது. அவர் முத்தையா முரளிதரன்.

கண்டிப் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியாமல் இராது. பல்லேகலை கிரிக்கெட் மைதானத்துக்கு அவர் பெயரைச் சூட்ட 2010இல் தீர்மானித்தார்கள். 1972 ஏப்ரல் 17ஆம் திகதி கண்டியில் பிறந்தார். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய இந்தியாவிலிருந்து வந்த குடும்பத்தின் பேரன் அவர். கட்டுகஸ்தோட்டையில் மகாவலிக் கரையிலுள்ள புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தார். பிறவியிலேயே அவருடைய வலது முழங்கை முழுதாக நிமிராது. நீங்கள் கையை நீட்டினால் தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே கோடாக வரும். முரளி எவ்வளவு நீட்டினாலும் முழங்கையில் ஒரு மடிப்பு மிஞ்சும். மூட்டு அமைந்த விதம் அது. பயிற்சியால் மாறாது.

பள்ளிக்கூட நாள்களில் முதலில் மிதவேகமாகத்தான் பந்து வீசினார். 14 வயதில், பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ சொன்னதைக் கேட்டுச் சுழற்பந்துக்கு மாறினார். முழங்கை நிமிராத பிள்ளையைப் பார்த்து, “உனக்கு இது சரிவராது” என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம்! அந்தக் கை எதற்குச் சரிவரும் என்று பார்த்தார் அந்தப் பயிற்றுநர்.

சுழற்பந்துக்கு அந்தக் கை சரிவந்த காரணத்தை நீங்களே செய்து பார்க்கலாம். வலது கையைப் பக்கவாட்டில் நேராக நீட்டுங்கள். தோளிலிருந்து கையைத் திருகுங்கள். உள்ளங்கை மேலும் கீழுமாகப் புரளும், ஆனால் இருந்த இடத்திலேயே இருக்கும். இப்போது முழங்கையைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டு, அதே மாதிரி தோளிலிருந்து திருகுங்கள். உள்ளங்கை ஒரு வட்டத்தின் வில்லில் ஓடுகிறது அல்லவா? மேற்கை தன்னைத்தானே சுற்றும் வேகம், மடிந்த கையில் மட்டும்தான் உள்ளங்கையின் வேகமாக மாறும். மடிந்த முழங்கையோடு வீசுபவருக்கு இது கூடுதல் வேகம் தரும் என்று உடலியக்கவியல் ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். முரளிக்கோ எப்பக்கமும் வளைந்துகொடுக்கும் மணிக்கட்டும் வாய்த்திருந்தது. பொதுவாக அவரைப்போல வலக்கையால் ஓஃப்ஸ்பின் வீசுபவர்கள் விரல்களால் பந்தைச் சுழற்றுவார்கள். முரளி மணிக்கட்டால் சுழற்றினார். பந்து விழுந்த இடத்திலிருந்து பாம்பு போலத் திரும்பியது.

பிறகு வந்தது 1995 டிசம்பர் 26. அவுஸ்திரேலியாவில், மெல்பர்ன் மைதானம். முரளி வீசிய மூன்று ஓவர்களில் நடுவர் டரல் ஹெயார் ஏழு தடவை “நோ-போல்” என்று கூவினார். பந்தை வீசாமல் எறிகிறார் என்பது குற்றச்சாட்டு.

வீசுவதற்கும் எறிவதற்கும் என்ன வித்தியாசம்? இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கவனியுங்கள், ஏனென்றால் பெரியவர்கள் பலருக்கே இது சரியாகத் தெரியாது. கை மடிந்திருப்பது குற்றம் கிடையாது. மடிந்த கை, பந்தை விடும் நேரத்தில் நிமிர்வதுதான் குற்றம். கை தோள்மட்டத்துக்கு உயர்ந்ததிலிருந்து பந்து கைவிட்டுப் போகும் வரை முழங்கையின் கோணம் எவ்வளவு மாறுகிறது என்பதே கேள்வி. மடிந்த கை மடிந்தபடியே சுற்றிவந்தால் அது சுத்தமான பந்துவீச்சு.

நடுவர் கண்டது என்ன? மடிந்த கை ஒன்று தோளில் திருகிக்கொண்டே சுற்றியது. ஒரு கணத்தில் மடிப்பு நன்றாகத் தெரிந்தது. அடுத்த கணத்தில் கை திரும்பியதால் மடிப்பு மறைந்து நேராகத் தெரிந்தது. சுவரில் நிழல் செய்த அதே வேலை! தொலைக்காட்சியிலும் தீர்வு கிடைக்கவில்லை. சாதாரணக் கெமரா அந்த நாளில் ஒரு செக்கனுக்கு 25 படங்கள் எடுத்தது. தோள்மட்டத்திலிருந்து பந்தை விடும் வரை கை சுற்ற ஏறத்தாழ ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்குதான் ஆகும். அந்த நேரத்துக்குள் இரண்டு மூன்று படங்கள் கிடைக்கும். அவையும் ஒரே பக்கத்திலிருந்து எடுத்த தட்டைப் படங்கள்.

ஆகவே 1996இல் முரளியின் கையை அளந்தார்கள். மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங் விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் சோதனை நடந்தது. இப்படியான சோதனையில் தோளிலும் முழங்கையிலும் மணிக்கட்டிலும் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் சிறிய குறிகளை ஒட்டுவார்கள். சுற்றிவர அதிவேகக் கெமராக்கள் நிற்கும். ஒரே குறியைப் பல பக்கங்களிலிருந்து பார்ப்பதால், அது மூன்று திசைகளிலும் எந்த இடத்தில் இருக்கிறது என்று கணினியால் கணக்கிட முடியும். நம் இரண்டு கண்களும் சேர்ந்து தூரத்தை மதிப்பிடுவது போன்ற வேலை இது, இன்னும் பல மடங்கு துல்லியமாக. முரளி எறியவில்லை, எறிவது போன்ற மாயத்தோற்றமே தெரிகிறது என்று முடிவு வந்தது. சர்வதேச கிரிக்கெட் சபை அவரை விளையாட விட்டது.

அதோடு கூச்சல் அடங்கியதா? இல்லை. அவுஸ்திரேலிய மைதானங்களில் அவர் பந்தெடுத்தாலே பார்வையாளர் கூட்டம் “நோ-போல்” என்று கத்தியது. 2004ஆம் ஆண்டு முரளி ஒரு காரியம் செய்தார். உருக்குப் பட்டைகள் வைத்த உறுதியான கவசம் ஒன்றைத் தன் வலது கைக்கு அளவெடுத்துச் செய்வித்து மாட்டிக்கொண்டார். அதை மாட்டினால் முழங்கையை மடக்கவும் முடியாது, நிமிர்த்தவும் முடியாது. கெமராக்களுக்கு முன்னால் அந்தக் கவசத்தோடு தன் மூன்று வகைப் பந்துகளையும் வீசினார். கவசத்துக்குள் பூட்டிய கையைப் பார்த்தாலும் கண்ணுக்கு எறிவது போலவே இருந்தது!

இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இனித்தான் வருகிறது. அதே 2004இல், ‘தூஸ்ரா’ என்ற அவருடைய ஒரு வகைப் பந்தைச் சோதித்தபோது முழங்கை சுமார் 14 பாகை நிமிர்வதாகத் தெரிந்தது. சுழற்பந்துக்கு அப்போதிருந்த எல்லை 5 பாகை. முரளி பயிற்சி எடுத்து அதை 10 பாகையளவுக்குக் குறைத்தார். ஆனால் மற்றவர்களின் கை எவ்வளவு நிமிர்கிறது என்று விஞ்ஞானிகள் அளக்கத் தொடங்கியதும் எல்லாருக்கும் அதிர்ச்சி. ஒரு குறையும் இல்லாத கைகள் என்று உலகம் பாராட்டிய வேகப்பந்து வீச்சாளர்களின் முழங்கைகளும் பத்துப் பாகைக்கு மேல் நிமிர்ந்தன. கிட்டத்தட்ட எல்லாப் பந்துவீச்சாளர்களுமே பழைய விதியை மீறிக்கொண்டிருந்தார்கள். கண்ணுக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான். எல்லாருக்கும் பொதுவாக 15 பாகை என்ற எல்லை 2005இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு கண்டிப் பிள்ளையின் நிமிராத முழங்கையால், கிரிக்கெட் உலகம் எல்லா முழங்கைகளைப் பற்றியும் உண்மையைத் தெரிந்துகொண்டது. 2010 ஜூலை 22ஆம் திகதி காலியில் தன் கடைசி டெஸ்ட் போட்டியில் வீசிய கடைசிப் பந்தில் முரளி 800ஆவது விக்கெட்டை எடுத்தார். அந்த எண்ணிக்கையை வேறு யாரும் இன்னும் எட்டவில்லை.

முரளி மாற்றுத்திறனாளிகள் பிரிவில் விளையாடியவர் கிடையாது. எல்லாரோடும் சேர்ந்து விளையாடினார். ஆனாலும் ஓர் உடலைக் கண்ணால் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, அளந்து பார்க்க வேண்டும் என்பதற்கு நம்மூரில் இதைவிடச் சிறந்த சாட்சி எனக்குத் தெரியவில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கான பராலிம்பிக் விளையாட்டுகள் முழுவதும் இந்த அளவையின் மேல்தான் நிற்கின்றன. போட்டிப் பட்டியலில் ‘எஃப் 46’, ‘டி 63’ என்றெல்லாம் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ‘எஃப்’ என்றால் எறிதல் போன்ற மைதானப் போட்டிகள். ‘டி’ என்பது ஓட்டத்துக்கும் பாய்தலுக்கும். 11 முதல் 13 வரை பார்வைக் குறைபாடு. 45 முதல் 47 வரை கையில் குறைபாடு. ஐம்பதுகள் என்றால் அமர்ந்தபடி போட்டியிடுபவர்கள். அறுபதுகள் என்றால் செயற்கைக் கால் பூட்டியவர்கள். தசைவலு எவ்வளவு, மூட்டு எத்தனை பாகை அசைகிறது, எலும்பின் நீளம் என்ன என்றெல்லாம் பரிசோதித்து, ஏறத்தாழ ஒரே நிலையில் இருப்பவர்களை ஒன்றாகப் போட்டியிட விடுகிறார்கள்.

எஃப் 46 பிரிவில்தான் இலங்கைக்கு முதல் பராலிம்பிக் தங்கம் கிடைத்தது. 2021 ஓகஸ்ட் 30, டோக்கியோ. ஈட்டி எறிதலில் தினேஷ் பிரியந்த ஹேரத் 67.79 மீற்றர் எறிந்தார். அன்று அது உலக சாதனை. மூன்று கிரிக்கெட் ஆடுகளங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தாலும் அந்தத் தூரம் வராது. அவர் போரில் இடது கையில் காயமடைந்த இராணுவ வீரர்.

ஈட்டியை எறிவது வலது கைதானே, இடது கையில் காயம் இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். கேட்காதீர்கள், செய்து பாருங்கள். ஒரு டெனிஸ் பந்தை வழக்கம்போல எறிந்து, விழுந்த தூரத்தை அடையாளம் வையுங்கள். பிறகு மற்றக் கையைச் சட்டைக்குள் உடம்போடு சேர்த்துக் கட்டச் சொல்லிவிட்டு, அதே பந்தை எறியுங்கள். தூரம் குறைவதோடு உடம்பும் தடுமாறும். எறியாத கை சும்மா இருப்பதில்லை. முதலில் முன்னால் நீண்டு சமநிலை பிடிக்கிறது. பிறகு சட்டென்று உடம்போடு மடங்கும்போது நெஞ்சு வேகமாகத் திரும்புகிறது. சுழலும் பொருள் தன்னைச் சுருக்கிக்கொண்டால் வேகமாகச் சுழலும் என்பது பௌதிகவியல் விதி. அந்தக் கையின் உதவி குறைந்தவர், அதே திருப்பத்தைக் காலிலும் இடுப்பிலும் முதுகுத் தசைகளிலும் தேட வேண்டும். பல வருடப் பயிற்சி அதற்குத்தான் போகிறது. தினேஷ் 2016இல் ரியோவில் வெண்கலம் வென்றபோது எறிந்த தூரம் 58.23 மீற்றர். ஐந்து வருடத்தில் ஒன்பதரை மீற்றர் கூடியிருக்கிறது.

இப்போது ஒரு சின்ன அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷீத்தல் தேவி. கண்டியைப் போலவே மலைகள் சூழ்ந்த, இந்தியாவின் ஜம்மு பகுதியிலுள்ள கிஷ்ட்வார் மாவட்டத்தில் 2007இல் பிறந்தவர். பிறக்கும்போதே இரண்டு கைகளும் இல்லை. அவருடைய விளையாட்டு என்ன தெரியுமா? அம்பெய்தல்!

நாற்காலியில் அமர்ந்து, வலது பாதத்தால் வில்லைப் பிடிக்கிறார். நாணோடு இணைந்த விசைக்கருவி வலது தோளில் பூட்டப்பட்டிருக்கிறது. காலை முன்னே தள்ளத் தள்ள நாண் இழுபடுகிறது. குறி பார்த்து, தாடையால் விசையைத் தட்டி அம்பை விடுகிறார். 50 மீற்றர் தூரத்தில் இலக்குப் பலகை. அதன் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 8 சென்ரிமீற்றர். 2024 பாரிஸ் பராலிம்பிக்கின் முதல் சுற்றில் 720 புள்ளிகளுக்கு 703 எடுத்தார். கலப்பு இரட்டையரில் ராகேஷ் குமாரோடு சேர்ந்து வெண்கலம் வென்றார். அப்போது வயது 17.

அவர் பிடிக்கும் வில் ‘கொம்பவுண்ட்’ வகை. இரண்டு முனைகளிலும் வட்டமில்லாத கப்பிகள் இருக்கும். இழுக்கத் தொடங்கும்போது விசை கூடுதலாக வேண்டும். முழுதாக இழுத்ததும் கப்பி திரும்பிவிடுவதால், பிடித்து வைத்திருக்க அந்த விசையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ போதும். நடுங்காமல் குறி பார்க்க நேரம் கிடைக்கிறது. நெம்புகோலும் கப்பியும் பாடப்புத்தகத்தில் இருக்கின்றனவே, இங்கே வேலை செய்வதும் அவைதான்.

பாதத்துக்கு இவ்வளவு நுட்பம் எங்கிருந்து வந்தது? மூளையிலிருந்து. நம் மூளையில் தொடுகையை உணரும் பகுதியில் ஒவ்வொரு கைவிரலுக்கும் தனித்தனி இடம் உண்டு. கால்விரல்களுக்குப் பொதுவாக அப்படிப் பிரிந்த இடம் தெளிவாகத் தெரிவதில்லை. கைகளின்றிப் பிறந்து காலால் படம் வரையும் இரண்டு ஓவியர்களின் மூளையை லண்டன் ஆய்வாளர்கள் படம்பிடித்து 2019இல் வெளியிட்டார்கள். அவர்களுடைய கால்விரல்கள் ஒவ்வொன்றுக்கும் மூளையில் தனியிடம் உருவாகியிருந்தது. எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறோமோ அதற்கு மூளை இடம் ஒதுக்கிக் கொடுக்கிறது. உங்கள் மூளையும் எழுத்துக்கும் மிருதங்கத்துக்கும் சைக்கிளுக்கும் அதைத்தான் செய்கிறது.

ஷீத்தலுக்கு முன்னரே கைகளின்றி அம்பெய்த ஒருவர் இருந்தார். அமெரிக்காவின் மாட் ஸ்டுட்ஸ்மன், 2012 லண்டன் பராலிம்பிக்கில் வெள்ளி வென்றவர். அவர் எய்யும் முறையைப் பார்த்துத்தான் ஷீத்தலின் பயிற்றுநர்கள் வழி கண்டுபிடித்தார்கள். இதைத்தான் நான் உத்வேகம் என்பேன். “ஐயோ பாவம், இந்த நிலையிலும் செய்கிறாரே” என்று கண்கலங்குவது எனக்குப் பிடிக்காது. கண்கலங்கியவர் அடுத்த நிமிடம் மறந்துவிடுவார். “இதை எப்படிச் செய்கிறார்?” என்று கேட்டவர்தான் அடுத்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பார்.

தமிழ்ப் பிள்ளைகளும் இந்த வரிசையில் இருக்கிறார்கள். சேலம் மாவட்டத்தின் மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பஸ் விபத்தில் வலது காலில் படுகாயமடைந்தார். 21 வயதில் ரியோவில் 1.89 மீற்றர் உயரம் பாய்ந்து தங்கம் வென்றார். பாரிஸில் பட்மின்டனில் துளசிமதி முருகேசன் வெள்ளியும், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் இருவரும் வெண்கலமும் வென்றார்கள். மூவரும் தமிழ்நாட்டுப் பெண்கள். பிறக்கும்போதே கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கட்டில் சேதம் ஏற்பட்டதால், மனிஷாவின் வலது கை முழுதாக இயங்காது. இடது கையால் ஆடுகிறார்.

பார்வையற்றோர் கிரிக்கெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடினமான பிளாஸ்டிக் பந்து, உள்ளே கலகலக்கும் உலோக மணிகள். பந்துவீச்சாளர் “ரெடியா?” என்று கேட்டு, பதில் வந்ததும் “ப்ளே” என்று கூவி, பந்தைத் தரையோடு உருட்டுவது போல வீசுவார். 11 பேரில் குறைந்தது நான்கு பேர் முற்றிலும் பார்வையற்றவர்களாக இருக்க வேண்டும். அவர்கள் எடுக்கும் ஓட்டங்கள் இரட்டிப்பாகும். இலங்கை அணி உலகக் கிண்ணப் போட்டிகளில் ஆடிவருகிறது. சத்தம் வரும் திசை எப்படித் தெரிகிறது? உங்கள் இரண்டு காதுகளுக்கும் இடையில் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர். காற்றில் ஒலி செக்கனுக்குச் சுமார் 343 மீற்றர் போகும். வலப்பக்கச் சத்தம் இடது காதை அடைய, ஒரு செக்கனைப் பத்தாயிரமாகப் பிரித்தால் அதில் ஆறு பங்கு அளவுதான் தாமதம். அவ்வளவு சிறிய இடைவெளியை மூளை அளந்துவிடுகிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு, தகரப் பேணிக்குள் நாணயம் போட்டுத் தங்கையைக் குலுக்கச் சொல்லித் திசையைக் காட்டிப் பாருங்கள். முதல் நாளைவிடப் பத்தாவது நாள் சரியாகக் காட்டுவீர்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எனக்குக் கவலை தரும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கண்டி மேடும் பள்ளமுமான ஊர். ஆயிரம் பேர் பார்க்கும் மைதானத்தில் வென்று வருபவர், நம் பாடசாலை வாசலில் மூன்று படிகளைத் தாண்ட முடியாமல் நிற்கக்கூடும். அந்தப் படிகள் இருக்கும்வரை, சக்கர நாற்காலியில் வரும் ஒரு பிள்ளை விளையாட்டு மைதானத்தை எட்டிக்கூடப் பார்க்க முடியாது. திறமை இருக்கிறதா என்று அளப்பதற்கு முன்னரே கதவு மூடிவிடுகிறது.

படிக்குப் பதில் சரிவுப்பாதை போதும். ஆனால் எவ்வளவு சரிவு? ஒரு மடங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு மடங்கு நீளம் என்பது உலகில் பரவலாக உள்ள அளவு. பிள்ளையும் நாற்காலியும் சேர்ந்து 60 கிலோகிராம் என்றால், அந்தச் சரிவில் மேலேற்ற ஏறக்குறைய 5 கிலோ எடையைத் தூக்கும் விசை போதும். நீளத்தை மிச்சம் பிடித்து நான்கு மடங்கோடு நிறுத்தினால் அது 15 கிலோ அளவாகிவிடும். அந்தப் பாதையில் யாரும் தனியாக ஏற முடியாது, இறங்குவது ஆபத்து.

பொதுக் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகள் போய்வர வசதி இருக்க வேண்டும் என்று இலங்கையில் 2006ஆம் ஆண்டிலேயே ஒழுங்குவிதிகள் வந்துவிட்டன. நீங்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. நாளைக்கு அளவுநாடா ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். மைதானத்துக்குப் போகும் வழியிலுள்ள படிகளின் மொத்த உயரத்தை அளந்து, பன்னிரண்டால் பெருக்குங்கள். ஒவ்வொன்றும் 15 சென்ரிமீற்றர் உயரமான மூன்று படிகள் என்றால் 5 மீற்றர் 40 சென்ரிமீற்றர் நீளப் பாதை வேண்டும். அது எந்தப் பக்கம் வரலாம் என்று படம் வரைந்து, கணக்கையும் எழுதி, வகுப்பிலுள்ள எல்லாரும் கையெழுத்திட்டு உங்கள் அதிபரிடம் கொடுங்கள்.